திறந்த வரைபடமும் அதன் குறிச்சொற்களும்

எவரும் திருத்தக்கூடிய உலக வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் தரவுத்தளத்துக்குள் போய்ப் பார்த்தால் அங்கே தெரு என்று எதுவும் கிடையாது. புள்ளிகள் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்சரேகை, ஒரு தீர்க்கரேகை. அந்தப் புள்ளிகளை வரிசையாகக் கோத்த கோடுகள் இருக்கின்றன. இவை இரண்டையும் சேர்த்துக் கட்டிய தொகுப்புகள் இருக்கின்றன. பேருந்துத் தடம், மாவட்ட எல்லை போன்றவை அந்த வகை. இந்த மூன்றைத் தவிர வேறு வடிவமே இல்லை. ஒரு கோடு தெருவா, வாய்க்காலா, மின்கம்பி போகும் வழியா என்பதை அதோடு ஒட்டியிருக்கும் இரண்டு சொற்கள்தான் சொல்கின்றன. 'ஹைவே = ரெசிடென்ஷியல்' என்றிருந்தால் வீடுகள் உள்ள தெரு. 'வாட்டர்வே = கேனால்' என்றிருந்தால் கால்வாய். இந்தச் சொல் இணைக்கு டேக் என்று பெயர். தமிழில் குறிச்சொல் என்கிறோம். இடப்பக்கம் இருப்பது சாவி, வலப்பக்கம் இருப்பது மதிப்பு. ஒரு கோட்டுக்கு எத்தனை குறிச்சொல் வேண்டுமானாலும் இடலாம்: தெருவின் பெயர், தளம் தாரா மண்ணா, எத்தனை தடம், ஒருவழிப் பாதையா, விளக்கு உண்டா.

வரைபடத்தின் தரம் என்றவுடன் பலரும் கோட்டைத்தான் நினைக்கிறார்கள். கோடு சாலைக்கு நேராக விழுந்திருக்கிறதா, தள்ளி விழுந்திருக்கிறதா? அதுவும் முக்கியம்தான். ஆனால் கோடு மூன்று மீட்டர் தள்ளி இருந்தால் யாரும் வழிதவறிப் போக மாட்டார்கள். குறிச்சொல் தவறாக இருந்தால் போவார்கள். மாட்டுவண்டி மட்டுமே போகக்கூடிய வரப்புப் பாதைக்கு யாரோ 'டெர்ஷியரி' என்று சாலைத் தகுதி கொடுத்துவிட்டால், வழிகாட்டிச் செயலி ஆம்புலன்ஸை அதில் திருப்பிவிடும். செயலிக்குப் படம் தெரியாது, சொல் மட்டுமே தெரியும்.

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் 2004-இல் லண்டனில் தொடங்கியது. தொடங்கியவர் ஸ்டீவ் கோஸ்ட். பிரிட்டனின் அரசு நில அளவை நிறுவனமான ஆர்டினன்ஸ் சர்வே மிகத் தரமான வரைபடங்களை வைத்திருந்தது. ஆனால் அவற்றைப் பயன்படுத்தப் பணமும் கட்டவேண்டியிருந்தது, பல கட்டுப்பாடுகளுக்கும் உட்படவேண்டியிருந்தது. ஆகவே ஆளுக்கொரு ஜிபிஎஸ் கருவியைக் கையில் எடுத்துக்கொண்டு தெருத்தெருவாக நடந்தும் சைக்கிளில் சுற்றியும் நாமே வரைவோம் என்று கிளம்பினார்கள். இன்று அதில் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் கணக்கு வைத்திருக்கிறார்கள். பதிவு செய்தவர் எவரும், உலகின் எந்த மூலையிலும், முன் அனுமதி இல்லாமல் திருத்தலாம். திருத்தம் உடனே தரவுத்தளத்துக்குள் போய்விடும்.

ஆரம்ப நாட்களில் எடுத்த ஒரு முடிவுதான் இந்த வரைபடத்தின் குணத்தைத் தீர்மானித்தது. எந்தெந்தப் பொருளை எந்தெந்தப் பெயரில் பதியலாம் என்று நிலையான பட்டியல் எதுவும் போடவில்லை. சாவியும் மதிப்பும் வெறும் எழுத்துச் சரங்கள்; ஒவ்வொன்றும் 255 எழுத்துகளுக்குள் இருக்கவேண்டும் என்பதைத் தவிர மென்பொருள் வேறெதையும் கேட்காது. பொருத்தமான குறிச்சொல் இல்லையென்றால் நீங்களே புதிதாக ஒன்றை இடலாம்.

இது கட்டுப்பாடில்லாத ஏற்பாடு என்று தோன்றும். நில அளவைத் துறையில் பழகியவர்களுக்கு இதைக் கேட்டாலே பதறும். ஆனால் அந்த முடிவு சரியானது என்பதற்கு 2010-ஆம் ஆண்டின் ஹெய்ட்டி ஒரு சான்று. அந்த ஜனவரி 12-ஆம் தேதி நிலநடுக்கம் போர்ட்-ஓ-பிரின்ஸ் நகரைச் சிதைத்தது. பயன்படுத்தத் தகுந்த தெரு வரைபடம் மீட்புக் குழுக்களிடம் இல்லை. உலகெங்கும் இருந்த தன்னார்வலர்கள், நிறுவனங்கள் திறந்துவிட்ட செயற்கைக்கோள் படங்களைப் பார்த்துச் சில நாட்களுக்குள் நகரை வரைந்து முடித்தார்கள். வீடிழந்த மக்கள் திடல்களிலும் பூங்காக்களிலும் தாங்களாகவே கூடாரம் போட்டுக்கொண்ட இடங்கள் படத்தில் தெரிந்தன. அப்படிப்பட்ட இடத்துக்கு அதுவரை குறிச்சொல் கிடையாது. எந்தக் குழுவின் ஒப்புதலுக்கும் காத்திராமல் உடனே ஒன்றை உருவாக்கிப் பயன்படுத்தினார்கள். நிலையான பட்டியல் இருந்திருந்தால், அந்தப் பட்டியலைத் திருத்துவதற்குள் மீட்புப்பணியே முடிந்திருக்கும்.

அந்தச் சுதந்திரத்துக்கு ஒரு விலை உண்டு. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரையில் அதிகம் பேசவேண்டியிருக்கிறது.

முதலாவது, ஒரே பொருளுக்குப் பல சொல். கடையின் தொலைபேசி எண்ணை 'ஃபோன்' என்ற சாவியிலும் பதியலாம். 'கான்டாக்ட்:ஃபோன்' என்ற சாவியிலும் பதியலாம். இரண்டுமே புழக்கத்தில் இருக்கின்றன. செயலி எழுதுபவர் இரண்டையும் தேடவேண்டும். ஒன்றை மட்டும் தேடினால் பல கடைகளுக்கு எண் இல்லை என்று நினைத்துக்கொள்வார். இன்னும் தொல்லையானது, ஒரே சொல்லுக்குப் பல பொருள். மரங்கள் அடர்ந்த நிலத்துக்கு 'லேண்ட்யூஸ் = ஃபாரஸ்ட்' என்று ஒன்று, 'நேச்சுரல் = வுட்' என்று ஒன்று. வனத்துறை பராமரிப்பது முதலாவது, தானாக வளர்ந்தது இரண்டாவது என்பார் சிலர். மரம் இருந்தால் போதும், இரண்டும் ஒன்றே என்பார் சிலர். பல ஆண்டுகளாக முடிவுக்கு வராத விவாதம் இது. நடைபாதைக்கும் இதே கதை. 'ஃபுட்வே', 'சைக்கிள்வே' என்று தனித்தனியாக இருந்த இடத்தில் 2008 வாக்கில் 'பாத்' என்ற பொதுச் சொல் வந்து சேர்ந்தது. மலைமுகட்டில் ஒற்றையடித் தடமும் 'பாத்', நகரப் பூங்காவில் சிமெண்ட் போட்ட நடைபாதையும் 'பாத்'. அந்த ஒரு குறிச்சொல்லை மட்டும் பார்த்து, இதில் ஒருவர் சக்கர நாற்காலியில் போக முடியுமா என்று எந்தச் செயலியாலும் சொல்ல முடியாது. தளம், அகலம், சரிவு என்று கூடுதல் குறிச்சொற்கள் இருந்தால்தான் முடியும். பெரும்பாலும் அவை இருப்பதில்லை.

இவற்றை ஒழுங்குபடுத்த யாருமே இல்லையா? இருக்கிறார்கள், ஆனால் அதிகாரத்தோடு இல்லை. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் விக்கியில் ஒவ்வொரு குறிச்சொல்லுக்கும் விளக்கப் பக்கம் இருக்கிறது. புதிய குறிச்சொல்லை முன்மொழியலாம். குறைந்தது இரண்டு வாரம் கருத்துக் கேட்பார்கள், பிறகு குறைந்தது இரண்டு வாரம் வாக்கெடுப்பு நடக்கும். வாக்களிக்க வருபவர்கள் பெரும்பாலும் சில பத்துப் பேர்தான். வாக்கில் வென்ற குறிச்சொல்லைக் கட்டாயம் பயன்படுத்தவேண்டும் என்பதும் இல்லை, தோற்றதைப் பயன்படுத்தக்கூடாது என்பதும் இல்லை. ஆகவே விக்கி என்ன சொல்கிறது என்பதோடு, மக்கள் உண்மையில் எதைப் பயன்படுத்துகிறார்கள் என்பதையும் பார்க்கவேண்டும். அதற்கு டேக்இன்ஃபோ என்ற தளம் இருக்கிறது. எந்தச் சாவி எத்தனை முறை பயன்பட்டிருக்கிறது, அதோடு வேறென்ன குறிச்சொற்கள் சேர்ந்து வருகின்றன என்பதையெல்லாம் அது எண்ணிக் காட்டும். மேப்பர்கள் எனப்படும் வரைபடத் தன்னார்வலர்களில் தேர்ந்தவர்கள் ஒரு குறிச்சொல்லில் சந்தேகம் வந்தால் இரண்டையும் திறந்துவைத்துக்கொண்டுதான் முடிவெடுப்பார்கள்.

உண்மையில் மூன்றாவதாக ஓர் அதிகார மையமும் உண்டு. அதைப் பற்றிக் குறைவாகவே பேசுகிறார்கள். உலாவியிலேயே திறக்கும் ஐடி என்ற திருத்தியில் புதியவர்கள் குறிச்சொல்லை எழுதுவதில்லை. 'உணவகம்', 'பள்ளி' என்று பட்டியலில் தேர்ந்தெடுக்கிறார்கள்; பின்னணியில் குறிச்சொல் தானாக விழுகிறது. அந்தப் பட்டியலில் எது இருக்கிறது, எது முதலில் வருகிறது என்பதைத் தீர்மானிப்பவர்கள், எந்த வாக்கெடுப்பையும்விட அதிகமாக வரைபடத்தின் மொழியைத் தீர்மானிக்கிறார்கள். நம் ஊர் டீக்கடையை எடுத்துக்கொள்ளுங்கள். தேடற்பெட்டியில் 'டீ' என்று தட்டிப் பார்ப்பவர் 'ஷாப் = டீ' என்ற குறிச்சொல்லில் போய் நிற்கலாம். அது தேயிலைத்தூள் பொட்டலம் விற்கும் கடைக்கானது. நின்றுகொண்டு டீ குடிக்கும் கடைக்கு 'அமெனிட்டி = கஃபே' என்பதே நெருக்கமானது.

சாலைத் தகுதிகளில் இந்த வரைபடத்தின் பிறப்பிடம் அழுத்தமாகத் தெரிகிறது. 'மோட்டார்வே', 'ட்ரங்க்', 'பிரைமரி', 'செகண்டரி', 'டெர்ஷியரி', 'அன்கிளாசிஃபைட்' என்ற வரிசை பிரிட்டிஷ் சாலைப் பாகுபாட்டிலிருந்து அப்படியே வந்தது. கடைசியில் இருக்கும் 'அன்கிளாசிஃபைட்' என்பதை வகை தெரியாத சாலை என்று நினைத்துப் பயன்படுத்துகிற புதியவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு. ஊர்களை இணைக்கும் மிகச் சிறிய பொதுச்சாலைக்கான தகுதி அது. வகை தெரியாததற்கு 'ஹைவே = ரோட்' என்று வேறொன்று இருக்கிறது. இந்தியாவில் தேசிய நெடுஞ்சாலையை 'ட்ரங்க்' என்றும், மாநில நெடுஞ்சாலையை 'பிரைமரி' என்றும், மாவட்ட முக்கியச் சாலையை 'செகண்டரி' என்றும் பதிவது நெடுநாள் வழக்கம். எளிதான வழக்கம்தான், ஆனால் ஓர் இடறல் உண்டு. கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரத்துக்கும் புதுச்சேரிக்கும் இடைப்பட்ட பகுதி மாநில நெடுஞ்சாலையாக இருந்து, பிறகு தேசிய நெடுஞ்சாலையாக அறிவிக்கப்பட்டது. அறிவிப்பு வந்த அன்று சாலை ஓர் அடிகூட அகலமாகவில்லை. வழக்கத்தின்படி குறிச்சொல் மட்டும் ஒரு படி உயரவேண்டும். அரசாணையில் உள்ள தகுதி ஒன்று, வண்டி ஓட்டுபவருக்குத் தெரியவேண்டிய அகலமும் தடமும் வேறொன்று. இரண்டையும் ஒரே குறிச்சொல்லில் திணிக்காமல், தடங்களின் எண்ணிக்கையையும் தளத்தையும் தனியாகப் பதிவதுதான் இதற்குத் தீர்வு.

அடுத்து, மேப்பர்களின் உலகில் அடிக்கடி காதில் விழும் ஓர் எச்சரிக்கை: படம் அழகாகத் தெரியவேண்டும் என்பதற்காகக் குறிச்சொல்லை மாற்றாதே. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தளத்தில் நாம் பார்க்கும் படம் அந்தத் தரவிலிருந்து வரையப்படக்கூடிய பல படங்களில் ஒன்று மட்டுமே. அதில் சில குறிச்சொற்களுக்கு நிறமும் சின்னமும் உண்டு, பலவற்றுக்கு இல்லை. தான் பதிந்த ஒன்று திரையில் தெரியவில்லை என்றால், தெரியும்படியான வேறொரு குறிச்சொல்லைப் போட்டுவிட மனம் தூண்டும். கோயில் திருவிழாத் திடலுக்குப் பச்சை வண்ணம் வரட்டும் என்று அதைப் பூங்கா ஆக்கிவிட்டால் திரையில் அழகாக இருக்கும். நகரில் ஆளுக்கு எவ்வளவு பூங்கா இருக்கிறது என்று கணக்கிடும் ஆய்வாளருக்கு அது பொய்க்கணக்கு.

இது உலக அளவில் நடந்ததை 2017 டிசம்பருக்குப் பிறகு பார்த்தோம். போக்கிமான் கோ விளையாட்டு தன் வரைபடத்தை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்புக்கு மாற்றியது. பூங்காவும் நடைபாதையும் உள்ள இடங்களில் விளையாட்டில் பிடிக்கவேண்டிய போக்கிமான் உயிரினங்கள் அதிகம் தோன்றும் என்று ஆட்டக்காரர்கள் நம்பினார்கள். உடனே வீட்டுக் கொல்லைகளிலும் வாகன நிறுத்தங்களிலும் இல்லாத பூங்காக்கள் முளைத்தன. பல நாடுகளிலும் மேப்பர்கள் உட்கார்ந்து அவற்றை ஒவ்வொன்றாகக் களையெடுத்தார்கள். ஆனால் நடந்ததில் ஒரு நல்லதும் உண்டு. விளையாட்டுக்காக உள்ளே வந்தவர்களில் ஒரு பகுதியினர் தங்கள் தெருவின் உண்மையான நடைபாதைகளையும் வரைந்தார்கள். சிலர் அதன்பின் வரைபடத்தோடே தங்கிவிட்டார்கள். ஆகவே அந்நியர்களை அடைத்துவைக்கும் கதவு வேண்டும் என்று வாதாடுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. வந்தவரிடம் முதல் திருத்தத்திலேயே அன்பாக ஒரு வரி எழுதுவது அதைவிட நல்ல காவல்.

குறிச்சொல் எவ்வளவு கடினமான காரியம் என்பதைத் தமிழ்நாட்டு ஏரி ஒன்றை வரைய உட்கார்ந்தால் முழுதாக உணரலாம். நீர்ப்பரப்புக்கு 'நேச்சுரல் = வாட்டர்' என்ற குறிச்சொல்; அதோடு எவ்வகை என்று சொல்ல 'வாட்டர்' என்ற சாவி. 2011-இல் வாக்கெடுப்பில் தேறிய முறை இது. அதற்கு முன்பே புழங்கிய 'லேண்ட்யூஸ் = ரிசர்வாயர்' என்பதும் சாகவில்லை; இரண்டும் பக்கம் பக்கமாக இருக்கின்றன. சரி, மதிப்பு என்ன? 'லேக்' என்பது பெரும்பாலும் இயற்கையானது. ஏரியை வெட்டிக் கரை கட்டியவர்கள் மனிதர்கள். 'பாண்ட்' சிறியது. 'ரிசர்வாயர்' என்பது நீரைத் தேக்கிவைக்க மனிதர் கட்டியது. ஏரிக்கும் கண்மாய்க்கும் அதுதான் பொருந்துகிறது. அதைப் போடும்போது அணைக்கட்டு நினைவுக்கு வந்து கை தயங்கத்தான் செய்யும், போடலாம், தவறில்லை.

வகையைவிட வடிவம்தான் பெரிய சிக்கல். வடகிழக்குப் பருவமழை முடிந்த மார்கழியில் கரை தளும்பும் ஏரி, சித்திரையில் மாடு மேயும் வெளி. திருத்தியின் பின்னணியில் இருக்கும் செயற்கைக்கோள் படம் எந்த மாதம் எடுத்தது என்பதைப் பொறுத்து, ஒரே ஏரியை ஒருவர் பெரிய பிறைநிலா வடிவில் வரைவார், இன்னொருவர் நடுவில் இருக்கும் குட்டையை மட்டும் வரைவார். கருவேல மரம் மண்டிய ஏரி என்றால், வேறொரு நாட்டில் உட்கார்ந்து படத்தைப் பார்த்து வரைபவர் அதைப் புதர்க்காடு என்றே பதிவார். அவர்மீது குற்றமில்லை, படத்தில் அப்படித்தான் தெரிகிறது. முழுக்கொள்ளளவில் நீர் எதுவரை ஏறுமோ அதுவரை எல்லை வரைந்து, 'இன்டர்மிட்டன்ட் = யெஸ்' என்று சேர்ப்பதே சரி என்பது என் முடிவு; ஆண்டின் ஒரு பகுதியில் வற்றும் நீர்நிலை என்பதை அந்தக் குறிச்சொல் சொல்லும். கரையைத் தனிக் கோடாகவும், மதகை 'வாட்டர்வே = ஸ்லூயிஸ்_கேட்' என்றும், உபரிநீர் வழியும் கலிங்கை 'வாட்டர்வே = வியர்' என்றும் பதியவேண்டும். வாய்க்காலை நீர் ஓடும் திசையிலேயே வரையவேண்டும். ஓட்டத்தின் திசையைத் தனிக் குறிச்சொல் சொல்வதில்லை, வரைந்த திசைதான் சொல்கிறது. இவ்வளவும் பதிந்த ஏரித்தொடர் ஒன்று இருந்தால், எந்த ஏரி நிரம்பி எந்த ஏரிக்கு வழியும் என்பதைக் கணினியே கண்டுபிடித்துவிடும். 2015 டிசம்பரில் சென்னையும் சுற்றுவட்டாரமும் மூழ்கியபோது, தண்ணீர் நிற்கும் தெருக்களை மக்கள் இந்த வரைபடத்தின்மேல்தான் தொட்டுக் குறித்தார்கள். தெருக்கள் இருந்தன. தண்ணீர் வந்த வழியும் அதே கவனத்தோடு பதிவாகியிருக்கவேண்டும் என்பது என் ஆசை.

அழிந்துபோன ஏரியை என்ன செய்வது? சென்னை தியாகராய நகர் 1920-களில் நீண்ட ஏரி ஒன்றைத் தூர்த்த நிலத்தில் எழுந்தது. அந்த ஏரி ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் இருக்கக்கூடாது. நேரில் போய் நின்றால் கண்ணுக்குத் தெரிவதை மட்டுமே பதியவேண்டும், அடுத்து வருபவரும் அதே இடத்தில் நின்று அதைச் சரிபார்க்க முடியவேண்டும் என்பது இங்கே அடிப்படை விதி. பழைய நிலப்பரப்புக்கு ஓப்பன்ஹிஸ்டாரிக்கல்மேப் என்ற தனித் திட்டம் இருக்கிறது. வேதனையாக இருந்தாலும் இந்த விதியைத் தளர்த்தக் கூடாது. கண்ணால் பார்த்துச் சரிபார்க்க முடியாத ஒன்றை உள்ளே விட்டால், அதன் பின்னால் முடிவில்லாத சண்டை வரும்.

குறிச்சொல் கெடுவது தனிமனிதரால் மட்டுமல்ல. மொத்தமாகத் தரவைக் கொண்டுவந்து கொட்டும்போதுதான் அது பெரிய அளவில் கெடுகிறது. 2007-லும் 2008-லும் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறையின் டைகர் என்ற சாலைத் தரவு முழுவதையும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஏற்றினார்கள். பதிப்புரிமைத் தடை இல்லாத தரவு அது. ஒரே வீச்சில் நாடு முழுவதும் சாலை வந்துவிட்டது என்ற மகிழ்ச்சி நீண்ட நாள் நிலைக்கவில்லை. டைகர், வீடுவீடாகக் கணக்கெடுக்கப் போகும் ஊழியருக்காக உருவானது. எந்தத் தெரு எந்தத் தெருவோடு சேர்கிறது என்பதுதான் அதற்கு முக்கியம். தெரு துல்லியமாக எங்கே இருக்கிறது என்பது அவ்வளவு முக்கியமில்லை. ஆகவே பல மாவட்டங்களில் கோடுகள் சாலையை விட்டு விலகிக் கிடந்தன. அதைவிட மோசம், பாலைவனத் தடங்களும் காட்டில் மரம் இழுக்கும் பாதைகளும் தனியார் வீட்டு வாசல்வழிகளும் ஒட்டுமொத்தமாக 'ரெசிடென்ஷியல்' என்று வந்துவிட்டன. ஒவ்வொரு கோட்டிலும் 'டைகர்:ரிவ்யூட் = நோ' என்ற குறிச்சொல்லை ஒட்டி அனுப்பினார்கள்; யாராவது சரிபார்த்ததும் அதை எடுத்துவிடவேண்டும் என்பது ஏற்பாடு. பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்தக் குறிச்சொல் கிராமப்புற அமெரிக்காவில் ஏராளமாக மிஞ்சியிருக்கிறது. காலியான இடத்தை நிரப்ப ஆட்கள் ஆர்வமாக வருவார்கள். ஏற்கெனவே நிரம்பியிருப்பதுபோல் தோன்றும் இடத்தைத் திருத்த வருபவர்கள் குறைவு. இப்போது செயற்கைக்கோள் படத்திலிருந்து சாலைகளையும் கட்டடங்களையும் இயந்திரக் கற்றல் மூலம் பெரிய நிறுவனங்கள் கண்டெடுத்துத் தருகின்றன. கோடு சரியாகவே விழுகிறது. அது யாருடைய பாதை, மழைக்காலத்தில் வண்டி போகுமா, ஊரார் அதற்கு என்ன பெயர் சொல்கிறார்கள் என்பது படத்தில் இல்லை. டைகரின் பாடத்தை இங்கும் மறந்துவிடக் கூடாது.

தரத்தை அளந்து பார்த்த ஆய்வுகள் பல உண்டு. அவற்றில் லண்டன் பல்கலைக் கல்லூரியின் மூக்கி ஹாக்லே 2010-இல் வெளியிட்டது இன்றும் பேசப்படுகிறது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பை ஆர்டினன்ஸ் சர்வேயோடு ஒப்பிட்டார். சாலைகளின் இடம் சராசரியாக ஆறு மீட்டருக்குள் ஒத்துப்போனது. தன்னார்வலர்களின் வேலைக்கு அது பெருமைப்படத்தக்க எண். ஆனால் இன்னொன்றையும் அவர் கண்டார். வசதியான பகுதிகள் நிறைவாக வரையப்பட்டிருந்தன. ஏழ்மையான பகுதிகள் பின்தங்கியிருந்தன. யார் வரைகிறார்களோ அவர்கள் வாழும் இடமும் போய்வரும் இடமும்தான் முதலில் வரைபடமாகின்றன. ஏழு தசம இலக்கத்தில், அதாவது ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் நுட்பத்தில், ஒவ்வொரு புள்ளியையும் சேமித்துவைக்கும் தரவுத்தளம் ஒரு முழுக் குடியிருப்பையே விட்டுவிடக்கூடும். நைரோபியின் கிபேரா குடியிருப்பு வெற்றிடமாகக் கிடந்தது. அங்கே வாழும் இளைஞர்களே 2009-இல் ஜிபிஎஸ் எடுத்துக்கொண்டு இறங்கிக் குடிநீர்க் குழாய், கழிப்பிடம், மருத்துவமனை என்று பதிந்தார்கள்.

பிழையைப் பிடிக்கும் கருவிகள் இப்போது நிறைய வந்துவிட்டன. ஜோசம் என்ற திருத்தி, பதிவேற்றும் முன்பே சோதித்து எச்சரிக்கும். ஆஸ்மோஸ் போன்ற தளங்கள் உலகம் முழுவதும் பிழைகளைத் தேடி வரைபடத்தின்மேல் காட்டும். இவை எதைப் பிடிக்கும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். இரண்டு சாலைகள் திரையில் ஒன்றையொன்று தொட்டு நிற்கின்றன, ஆனால் பொதுவான ஒரு புள்ளியைப் பகிர்ந்துகொள்ளவில்லை. கண்ணுக்கு அது சந்திப்பு. செயலிக்கு அங்கே வழியே இல்லை. இதற்கு எதிரானது மேம்பாலத்தில் நடக்கும். சென்னையின் கத்திப்பாராவில் மேலே போகும் சாலையும் கீழே போகும் சாலையும் குறுக்கிடும் இடத்தில் தெரியாமல் ஒரு பொதுப் புள்ளி விழுந்துவிட்டால், பாலத்தின் நடுவில் வலப்பக்கம் திரும்பச் சொல்லும் செயலி. பாலம் என்ற குறிச்சொல்லும் அடுக்கு எண்ணும் இருந்தால் இயந்திரம் இதைக் கண்டுபிடித்துவிடும். கடலோரக் கோட்டை எப்போதும் நிலம் இடப்பக்கம் இருக்கும்படி வரையவேண்டும். திசை மாறினால் ஊரே கடலாக நிறம் மாறிவிடும். இதையும் இயந்திரம் பிடிக்கும்.

இயந்திரம் பிடிக்காதது வேறு. மூடிப்போன மருத்துவமனை. போக்குவரத்துக் காவலர் போன மாதம் திசை மாற்றிய ஒருவழிச் சாலை. எழுத்துப் பிழையில்லாமல், இலக்கணத்துக்கு உட்பட்டு, முழுக்கத் தவறாக இருக்கும் குறிச்சொல். அதைப் பிடிக்கத் தெருவில் நடக்கும் மனிதர் வேண்டும். ஸ்ட்ரீட்கம்ப்ளீட் என்ற ஆண்ட்ராய்டு செயலி இதற்கு நல்ல வழியைக் கண்டது. குறிச்சொல் என்ற பேச்சே அதில் இல்லை. நீங்கள் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில், 'இந்தத் தெருவின் தளம் எது?', 'இந்தக் கட்டடத்துக்கு எத்தனை மாடி?' என்று கேட்கும். பதில் சொன்னால் சரியான குறிச்சொல்லை அதுவே எழுதிக்கொள்ளும்.

வேண்டுமென்றே செய்யும் நாசத்தையும் சொல்லவேண்டும். ஒவ்வொரு பதிவேற்றமும் ஒரு சேஞ்ச்செட். யார், எப்போது, எதை மாற்றினார் என்பது நிரந்தரமாக இருக்கும், திருப்பி மாற்றவும் முடியும். 2018 ஆகஸ்டில் நியூயார்க் நகரின் பெயரை ஒருவர் யூத வெறுப்புச் சொல்லாக மாற்றினார். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் தன்னார்வலர்கள் அதை விரைவாகவே நீக்கிவிட்டார்கள். ஆனால் அதற்குள் தரவை எடுத்துக்கொண்ட மேப்பாக்ஸ் நிறுவனத்தின் வரைபடம் வழியாக அந்தச் சொல் அந்த மாத இறுதியில் ஸ்னாப்சாட் உள்ளிட்ட செயலிகளில் தோன்றியது. மூலத்தில் திருத்தியாகிவிட்டது என்பதால் எல்லாத் திரையிலும் திருந்திவிட்டது என்று பொருளில்லை. இடையில் பல கைகள் இருக்கின்றன.

எல்லாம் கூடிவந்த இடம் ஒன்றைச் சொல்ல வேண்டுமென்றால் மட்டக்களப்பைச் சொல்வேன். ஆழிப்பேரலையையும் வெள்ளத்தையும் கண்ட ஊர். 2013 இறுதியில் இலங்கையின் அனர்த்த முகாமைத்துவ நிலையமும் உலக வங்கியும் சேர்ந்து அங்கே ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் பணியைத் தொடங்கின. மண்முனை வடக்கு பிரதேச செயலகப் பிரிவில் ஏறத்தாழ 30,000 கட்டடங்களை வரைந்தார்கள். கட்டடத்தின் பயன் என்ன, எத்தனை மாடி, சுவரும் கூரையும் எதனால் ஆனவை என்று களத்தில் சேகரித்துக் குறிச்சொல்லாக்கினார்கள். வெறும் 'பில்டிங் = யெஸ்' என்று நின்றிருந்தால், அது ஆயிரக்கணக்கான சாம்பல் நிறக் கட்டங்கள். கூரை ஓடா கான்கிரீட்டா என்று தெரிந்தால் புயலில் எந்த வீடுகள் முதலில் பாதிக்கப்படும் என்று கணிக்கலாம். இரண்டு மாடி எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் வெள்ளத்தில் மக்களை எங்கே ஏற்றலாம் என்று சொல்லலாம். இத்தகைய பணிகளில், எந்தக் குறிச்சொற்களை எந்த மதிப்புகளோடு பயன்படுத்துவது என்பதைக் களத்துக்குப் போகும் முன்பே ஒரு சிறு பட்டியலாக முடிவுசெய்துகொள்வது நல்லது. உலகத்துக்கே பொதுவான பட்டியல் தேவையில்லை. ஒரு பணிக்கு ஒரு பட்டியல் தேவை.

புதிதாகத் தொடங்க நினைப்பவர் உங்கள் தெருவிலிருந்தே தொடங்குங்கள். கூகுள் மேப்பைப் பார்த்து எதையும் எடுத்து எழுதாதீர்கள். அது உரிமைச் சிக்கல், கண்டுபிடித்தால் மொத்தத்தையும் அழிக்கவேண்டிவரும். கண்ணால் பார்த்ததையும் பெயர்ப்பலகையில் படித்ததையும் பதியுங்கள். தெரியாததை ஊகித்து எழுதுவதைவிட 'ஃபிக்ஸ்மீ' என்ற சாவியில் என்ன சந்தேகம் என்று எழுதிவைப்பது மேல். பதிவேற்றும்போது என்ன செய்தீர்கள், எதைப் பார்த்துச் செய்தீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். அடுத்தவர் பதிந்தது தவறென்று தோன்றினால் அழிக்கும் முன் அவருடைய சேஞ்ச்செட்டில் கேட்டுப் பாருங்கள்; பல நேரம் அவர் கண்ட ஒன்றை நாம் காணாமல் இருப்போம்.

பெயரை மறக்காதீர்கள். 'நேம்' என்ற பொதுச் சாவியோடு 'நேம்:டிஏ' என்று தமிழ்ப் பெயருக்கான சாவி தனியாக இருக்கிறது. தமிழ்நாட்டில் பெரிய ஊர்களைத் தாண்டினால் அது பல இடங்களில் காலியாகவே கிடக்கிறது. அது காலியாக இருந்தால் தமிழில் வரைபடம் காட்டும் செயலி ஆங்கில எழுத்துகளையே காட்டும், அல்லது அவற்றை இயந்திரத்தனமாக ஒலிபெயர்த்து ஊர்ப்பெயரைச் சிதைக்கும். தெருவுக்குப் பழைய பெயர் இருந்தால் அதற்கு 'ஓல்ட்_நேம்', மக்கள் வாயில் வழங்கும் வேறு பெயர் இருந்தால் அதற்கு 'ஆல்ட்_நேம்'. பலகையில் ஒன்று, ஆட்டோ ஓட்டுநரின் வாயில் இன்னொன்று, தபால் முகவரியில் வேறொன்று என்று மூன்றும் ஒரே தெருவுக்கு இருக்கும் ஊர் நம்முடையது. மூன்றுக்கும் இடம் இருக்கிறது, மூன்றையும் எழுதுங்கள்.